பீட்டர் மெடவாரின் ஆய்வு வாழ்க்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திசுப் பொருத்தச் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறுப்பு மாற்று ஆய்வின் முன்னோடியான பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெடவாரைப் பற்றிச் சென்ற மாதம் நான் பேசியபின் நம் குழுவினர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்.

கேள்வி (தெம்பனிஸ், தொடக்கக்கல்லூரி மாணவி): ஐயா, விலங்கியல் படித்த ஒருவர் உறுப்பு மாற்றுத் துறைக்குள் எப்படி வந்தார்?

போர்தான் கொண்டுவந்தது, அம்மா. 1915இல் பிரேசிலில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் படித்த மெடவாரின் வீட்டருகே 1940இல் ஒரு போர் விமானம் விழுந்தது. அதில் கடுமையாக வெந்துபோனவரைக் கண்டதும், பிறர் தோலை ஏன் ஒட்டவைக்க முடியவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கிளாஸ்கோவில் டாம் கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறு துண்டுகளாகப் பதித்துப் பார்த்தார். முதலில் ஒட்டிக்கொண்ட துண்டுகள் சில நாளில் அழிந்தன. அதே சகோதரரிடமிருந்து மறுமுறை எடுத்துப் பதித்தவையோ இன்னும் விரைவாக அழிந்தன. ஒட்டிய விதம் சரியில்லை என்று சொல்லி வேறொருவர் இதைக் கடந்து போயிருப்பார். முதல் முறையை உடல் நினைவில் வைத்திருக்கிறது, ஆகவே இது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்பதை இருவரும் 1943இல் எழுதிய கட்டுரை உணர்த்தியது. என் பார்வையில் அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது.

கேள்வி (அங் மோ கியோ வாசகர்): என் அம்மாவுக்கு அப்பா சிறுநீரகம் தர முன்வந்தார். இருவருக்கும் ஒரே இரத்தப் பிரிவு. ஆனாலும் கிராஸ்மேட்ச் என்னும் பொருத்தச் சோதனை சரிவரவில்லை என்கிறார்கள். எப்படி?

உங்கள் அம்மா எத்தனை பிள்ளைகளைப் பெற்றவர் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் திசு அடையாளங்களில் பாதி தந்தையுடையவை என்பதால், கர்ப்ப காலத்திலேயே தாயின் உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் புரதங்களை, உருவாக்கியிருக்கலாம். முன்பு இரத்தம் ஏற்றியிருந்தாலும் இப்படி நேரும். கிளாஸ்கோவின் இரண்டாம் தோல் துண்டுக்கு நேர்ந்ததும் இதே வகையான நினைவின் விளைவுதான்.

நாங்கள் செய்த கிராஸ்மேட்ச் சோதனையைச் சொன்னால் விளங்கும். உள்ளங்கையில் அடங்கும் நெகிழித் தட்டின் குழிகளில் நோயாளியின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை) ஒரு மைக்ரோலிட்டர் இட்டு, கொடையாளரின் வெள்ளணுக்களைச் சேர்த்து, பிறகு, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைக் கொல்லும் முயல் சீரத்தையும் சாயத்தையும் விடுவோம். ஆன்டிபாடி இருந்தால் அணுக்கள் செத்து, சாயத்தை உறிஞ்சிக் கறுத்துத் தெரியும். இல்லையென்றால் சிறு மணிகள்போல் மின்னும். நள்ளிரவில் நுண்ணோக்கியின் கீழ் ஒரு தட்டு முழுக்கக் கறுத்திருப்பதைக் கண்டபின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

இரண்டு இணையர் தங்களுக்குள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறைக்கு 2009 முதல் சிங்கப்பூரில் சட்டம் இடம் தருகிறது. அது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மாடுகளை வைத்து என்ன கண்டுபிடித்தார்?

ஒரு தவறான வாக்குறுதியில் தொடங்கிய கதை இது. இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து வந்தவையா என்று அறிய, ஒன்றின் தோலை மற்றொன்றுக்கு ஒட்டிப் பார்த்தால் போதும் என்று மெடவார் துணிந்து சொல்லிவிட்டார். செய்து பார்த்தால், வேறு வேறு கருவிலிருந்து வந்த இரட்டையரும், ஏன், கிடேரியும் காளையுமாகப் பிறந்தவையும்கூட, பெரும்பாலும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. அத்தகைய கன்றுகள் கருப்பையில் இரத்தத்தைப் பகிர்ந்துகொள்வதை அமெரிக்காவில் ரே ஓவன் என்னும் ஆய்வாளர் 1945இலேயே காட்டியிருந்தார். அப்படியானால் பிறக்குமுன் சந்தித்த அந்நிய அணுவை உடல் தன்னுடையதாகவே கருதுமா? தம் உடன் ஆய்வாளர்களான பில்லிங்ஹாம், பிரென்ட் இருவருடன் சேர்ந்து எலிக்கருக்களில் வேறு இன எலியின் அணுக்களைச் செலுத்திப் பார்த்தார். அவை வளர்ந்தபின் பல எலிகள் அந்த இனத்தின் தோலை ஏற்றன. 1953இல் வெளியான இந்த முடிவுதான் 1960இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர் பர்னெட்டுடன் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

கேள்வி (செங்காங்): அந்த முறை இன்று நோயாளிகளுக்குப் பயன்படுகிறதா?

நேரடியாக இல்லை. நமக்கு வாய்த்தவை உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளே: 1960களில் அசாதயோப்ரின், பிறகு நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிரித்த சைக்ளோஸ்போரின். பின்னதை 1978இல் கேம்பிரிட்ஜில் நோயாளிகளுக்குக் கொடுத்தவர் அறுவை மருத்துவர் ராய் கால்ன். இந்த ஆய்வால் மருத்துவப் பயன் உண்டா என்று ஒரு மாணவர் கேட்டபோது, அறவே இல்லை என்று மெடவார் பதிலளித்ததைத் தாம் நேரில் கேட்டதாகக் கால்ன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பதிலைக் கால்ன் நம்பாமல் போனது நம் நல்ல காலம்.

கேள்வி (ஜூரோங்): ஓவனுக்கு ஏன் பரிசு இல்லை?

அது பரிசுக் குழுவின் முடிவு, எனக்கும் உடன்பாடில்லை. ஓவனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று மெடவாரே அவருக்குக் கடிதம் எழுதினார். தமக்கு வந்த பணத்தைப் பில்லிங்ஹாமுடனும் பிரென்ட்டுடனும் பகிர்ந்துகொண்டார்.