ஊர் திரும்பியவர்களின் கேள்விகள்: உவர்மலை அண்ணா பதில்கள்

(கத்தாரிலும் கனடாவிலும் இருந்துவிட்டுத் திருகோணமலைக்கே திரும்பியவர்.)

கேள்வி (கிண்ணியா): டோஹாவிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டேன். வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் எதற்கும் உம்மாவிடம்தான் போகிறார்கள்.

பதில்: தம்பி, நீங்கள் காசு அனுப்பிய காலம் முழுக்க வீட்டை நடத்தியது உங்கள் மனைவி. பள்ளிக்கூட அனுமதி, ஆஸ்பத்திரி, கரண்ட் பில், ஒழுகின கூரை எல்லாம் அவர் தலையில். இப்போது வந்து நின்று, "ஏன் இந்தக் கடையில் அரிசி வாங்குகிறாய்?" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? நோர்வேச் சமூகவியலாளர் லிஸ்கார்ட், வெளிநாடு போனவரின் மனநிலை இறங்கி ஏறுவதை 1955இல் எழுதினார். ஊர் திரும்பினால் அதே பள்ளம் இன்னொரு தரம் வரும் என்று 1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் சேர்த்தார்கள். போகும்போது புது இடம் என்று தயாராகப் போகிறோம். வரும்போது யார் தயாராகிறார்கள்? ஒரு வேலையை மட்டும் கையில் எடுங்கள். மகளை டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குங்கள். முகம் பார்த்துச் சொல்லாததைப் பின்சீட்டில் இருந்து சொல்லுவாள்.

அப்புறம், எல்லோருக்கும்: முதல் ஆறு மாதம் காணி வாங்காதீர்கள், கடை போடாதீர்கள், கைமாற்றுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டொரொன்டோவிலிருந்து வந்து நான்கு நாள். இரவில் முழிப்பு, பகலில் அழுகை வருகிறது.

பதில்: கோடையில் ஒன்பதரை மணிநேர வித்தியாசம். காலை வெயிலில் நடங்கள். முதலில் தூக்கம் சரியாகட்டும், அழுகையைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: இரட்டைக் குடியுரிமைக்கு என்ன படிவம்?

பதில்: குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தைக் கேளுங்கள்.

கேள்வி: என் கதையைக் கேட்க ஒருவரும் இல்லை. நண்பர்கள்கூட.

பதில்: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறீங்கள்?" இரண்டோடு சரி, என்ன? 2022இல் அவர்கள் பெற்றோல் வரிசையில் நின்றதையும், 13 மணிநேர மின்வெட்டையும் நீங்கள் கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி (லண்டனிலிருந்து வந்தவர்): சாம்பல்தீவில் சித்தி வீட்டில் என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். அன்றிலிருந்து பேச்சில்லை.

பதில்: பேசுவாரா? "கொதித்தாறின தண்ணி இருக்கா சித்தி?" என்று கேட்டிருக்கலாமே. இல்லாவிட்டால் பிளேன்டீ, பால் இல்லாத தேத்தண்ணி.

நிலாவெளி வாசகர் குறுக்கே: வயிற்றோட்டம் வந்தால் சித்தியா வந்து பார்ப்பார்? வெளிநாட்டுத் திமிர் என்று ஏன் பழி?

பதில்: திமிர் என்று நான் சொல்லவில்லை. ஊரில் பிறந்தவருக்கும் வந்த புதிதில் வயிறு கெடும், உண்மை. கொதித்த தண்ணீரில் அந்தக் கிருமி சாகும், அதுவும் உண்மை.

உப்புவெளி வாசகி: எங்கள் வீட்டில் எல்லோருமே போத்தலோடுதான் திரிகிறோம்!

பதில்: தெருவில் திரியலாம் அக்கா. சித்தி செம்பை நீட்டும்போது திறப்பதுதான் பிரச்சினை.

கேள்வி: சேமித்த காசுக்குக் காணி வாங்கலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: காணி வேண்டாம், ஆட்டோ?

பதில்: ஆறு மாதம்!

நிலாவெளி வாசகர்: சித்தி உண்மையிலேயே கொதிக்க வைத்தாரா என்று எப்படித் தெரியும்?

பதில்: பிளேன்டீ என்று சொன்னேனே, தம்பி.