அட்வான்ஸ் வாங்கியவர் அடிமையா? கொத்தடிமை முறை பற்றிய கேள்விகளும் பதில்களும்

சூளை, அரிசி ஆலை, மரவெட்டு இடங்களிலிருந்து மீண்டு வந்த குடும்பங்களோடு திருவள்ளூர், ராணிப்பேட்டை பக்கம் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, திருத்தணி: என் சித்தப்பா செங்கல் சூளை வைத்திருக்கிறார். சீசனுக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்துத்தான் ஆள் சேர்ப்பார். ஊர் வழக்கமே அதுதான். இதைப் போய்க் கொத்தடிமை என்கிறார்களே?

அட்வான்ஸ் கொடுப்பது மட்டும் குற்றமில்லை தங்கச்சி. கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நான்கு விஷயங்களைக் கேட்கிறது. அந்தக் கடனுக்காக, கூலியே இல்லாமலோ குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகவோ வேலை வாங்குகிறார்களா? வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாமல் ஆகிறதா? நினைத்த இடத்துக்குப் போய்வரத் தடையா? உழைப்பையோ விளைந்த பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலே கொத்தடிமைதான். சங்கிலி, பூட்டு, அடி எதுவும் தேவையில்லை.

சூளைக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். கணக்கு புருஷன் பேரில் ஒன்றுதான். ஆனால் மண் குழைப்பது, அறுப்பது, காய்ந்த கல்லைப் புரட்டிப்போட்டு அடுக்குவது எல்லாம் பெண்டாட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து விடியுமுன் தொடங்கும் வேலை. வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டு, மீதியை அட்வான்ஸில் கழிப்பதாகச் சொல்வார்கள். நோட்டு முதலாளியிடம் இருக்கும். மழை பெய்து கரைந்த கல்லும் தொழிலாளி தலையில்தான் விழும். வந்த கூலியை உழைத்த ஆட்களுக்கும் நேரத்துக்கும் வகுத்துப் பாருங்கள், குறைந்தபட்சக் கூலி வருகிறதா என்று. அதற்குக் கீழே வேலை வாங்கினால் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு அது என்று 1982லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் வந்த தீர்ப்பு அது.

நான் களத்தில் முதலில் கேட்கும் கேள்வி வேறு. “ஊர்ல சாவு விழுந்தா குடும்பத்தோட போக விடுவாங்களா?” பல இடங்களில் பதில் ஒன்றுதான்: “யாராவது ஒருத்தர விட்டுட்டுப் போகணும்.” மனுஷனையே பிணையாக வைப்பது இது. சித்தப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தொழில் செய்பவர், ஆற்காடு: ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுகிறார்கள். எங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு?

பண நஷ்டம் வலிக்கும்தான் அண்ணா. நேர்மையான கடனென்றால் அதைக் கேட்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. வண்டி எடுத்துக்கொண்டு போய் ஆளைத் தூக்கி வருவதற்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. கொத்தடிமைக் கடன் என்று ஆகிவிட்டால் நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. 1975 அக்டோபர் 25 முதல் அப்படிப்பட்ட கடன் எதுவும் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லையென்று நிரூபிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவர்தான், தொழிலாளி அல்ல. ஆதிதிராவிடர், பழங்குடியினரை இப்படி வைத்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

இல்லத்தரசி, அரக்கோணம்: பக்கத்து அரிசி ஆலையில் நாலு குடும்பம் வெளியே வருவதே இல்லை. யாரிடம் சொல்வது?

கோட்டாட்சியரிடம் சொல்லுங்கள் அக்கா, இல்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம். மீட்கும் பொறுப்பு சட்டப்படி அவர்களுடையது. பிள்ளைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழையுங்கள். ஆலை முதலாளியிடம் நேரில் போய் நியாயம் கேட்காதீர்கள். கேட்டால் அன்று ராத்திரியே குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

தன்னார்வலர், செய்யாறு: மீட்டுக் கொண்டுவந்தார்கள், பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. விடுதலைச் சான்றிதழ் கையில் வராமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அந்தத் தாள் இல்லாவிட்டால் கடன் ஒழிந்ததற்கு அத்தாட்சி இல்லை, மறுவாழ்வுத் தொகையும் இல்லை. மத்திய அரசுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள், சிறார்களுக்கு 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். உடனடி உதவியாக 30,000 வரை தரலாம். மீதித் தொகை வழக்கோடு சேர்ந்து இழுபடுகிறது என்பதுதான் என் பெரிய கோபம். இரண்டு மாதம் அடுப்பெரியாத குடும்பத்திடம் போய், வழக்கு முடியட்டும் என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர், திண்டிவனம்: மீட்கப்பட்டவர்களே ஏன் திரும்பப் போகிறார்கள்? பழக்கதோஷமா?

தயவுசெய்து அந்த வார்த்தை வேண்டாம் சார். குழந்தைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, பட்டா இல்லாத இடத்தில் குடிசை, சாதிச் சான்றிதழும் இல்லை, அதனால் வங்கியில் கடனும் இல்லை. அந்த நேரத்தில் வாசலுக்கு வந்து பத்தாயிரத்தை நீட்டுகிற ஒரே ஆள் மேஸ்திரிதான். சாதிச் சான்றிதழ், பட்டா, நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் அட்டை, இந்த நாலும் கிடைத்த குடும்பம் மறுபடி சூளைக்குப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

மில் தொழிலாளியின் அண்ணன், திண்டுக்கல்: மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று தங்கையைச் சேர்த்தோம். நடுவில் நின்றால் தரமாட்டார்களாம்.

பிடித்துவைத்த பணம் உங்கள் தங்கையின் கூலி, மில்காரர் செய்யும் சீர் அல்ல. எத்தனை நாள் வேலை செய்தாரோ அத்தனை நாள் கூலியைக் கேட்கலாம். தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். 15100க்கு அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

இளைஞர் மன்றம், செங்கல்பட்டு: பிப்ரவரி 9ஆம் தேதி எங்கள் ஊரில் கூட்டம் போட்டு மனித உரிமை பற்றிப் பேச நினைக்கிறோம். எப்படிப் பேசினால் ஜனங்கள் கேட்பார்கள்?

மேடை போடாதீர்கள் தம்பி. சட்டம் கையெழுத்தான நாள் என்று அதிகாரிகள் உறுதிமொழி எடுப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் ஊர்த்தெருவில் போடும் கூட்டத்துக்கு இருளர் குடியிருப்பிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில் நிற்பார்கள். ராத்திரி வேலை முடிந்து அவர்கள் உட்காரும் இடத்துக்கு நீங்கள் போங்கள். ‘மனித உரிமை’ என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், எத்தனை வருடமாகக் கழிகிறது என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு தாத்தா, தன் அப்பா வாங்கிய கடனுக்குத் தானும், இப்போது தன் மகனும் உழைப்பதை விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் கூட்டத்தில் யாருமே பேசவில்லை. பிறகு பெண்கள் பக்கமிருந்துதான் குரல் வந்தது: “அப்ப நாங்க எதுக்குக் கட்டணும்?” முடிந்தால் ஏற்கெனவே விடுதலையான ஒருவரைக் கூட்டிப்போங்கள். நான் பத்து நாள் பேசுவதை அவர் அரை மணியில் பேசிவிடுவார்.

பெயர் வேண்டாம் என்றவர்: அம்மா அப்பாவுக்கு விடுதலைச் சான்றிதழ் கிடைத்து ஆறு வருடமாகிறது. பழைய ஓனரின் ஆள் இன்னும் வந்து பாக்கி கேட்கிறார். கொஞ்சம் கொடுத்துவிடலாமா?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் கண்ணு. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம், மூன்று வருடம்வரை சிறை. வந்த தேதி, நேரம், வண்டி எண், அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சான்றிதழை நாலு நகல் எடுத்து, அசலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு நகலோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுத ஆளில்லையென்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன்.