போர்ட்டரிலிருந்து கட்டுமரம் வரை: டீச்சரிடம் கேட்ட கேள்விகள்

மண்டபம் ஊரில் ஞாயிறு மாலை நான் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில், முன்னொட்டு, வேர்ச்சொல் பற்றிச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளும் என் பதில்களும்.

தினமும் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன் டீச்சர், வாரக் கடைசியில் பாதி மறந்துவிடுகிறது. வேர் படித்தால் நிற்குமா? (பிளஸ் டூ மாணவி, தங்கச்சிமடம்)

நிற்கும்மா. ராமேஸ்வரம் ஸ்டேஷனில் பெட்டி தூக்கும் போர்ட்டரிலிருந்து ஆரம்பி. லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது. வெளிநாட்டுக்குச் சுமந்து போனால் எக்ஸ்போர்ட், உள்ளே கொண்டுவந்தால் இம்போர்ட், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு என்றால் டிரான்ஸ்போர்ட். கையோடு எடுத்துப்போக முடிந்தால் போர்ட்டபிள். போய்ப் பார்த்துவிட்டுச் சேதியைத் திரும்பச் சுமந்து வருவது ரிப்போர்ட். எனக்கு ரொம்பப் பிடித்தது சப்போர்ட். 'சப்' என்றால் கீழே. கீழே இருந்து சுமப்பது. கரையேற்றிய படகு சாயாமல் இருக்க அடியில் கட்டை கொடுக்கிறார்களே, அந்தக் கட்டை செய்யும் வேலைதான் அது. இனி அந்தச் சொல்லை மறப்பாயா?

அதே 'சப்' கடலோடு சேர்ந்தால் சப்மரைன். 'மாரே' என்றால் கடல்.

'இல்லை' என்று சொல்ல இன், இம், இல், இர் என்று நாலு எதற்கு? (பத்தாம் வகுப்பு மாணவர், பாம்பன்)

நாலும் ஒன்றுதான் தம்பி. மரம், கள் இரண்டும் சேர்ந்தால் மரங்கள் என்கிறோம், மரம்கள் என்பதில்லை. 'இன்பாசிபிள்' என்று வேகமாகச் சொல்லிப் பார். பகரத்துக்காக உதடு முன்கூட்டியே மூடிக்கொள்ளும், 'இம்' தானாக வந்துவிடும். லகரத்துக்கு முன்னால் இல்லீகல், ரகரத்துக்கு முன்னால் இர்ரெகுலர். புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு இது புதுசே இல்லை. நியாயம், அநியாயம் என்கிறோமே, அந்த வடமொழி 'அ'வும் இந்த 'இன்'னும் இங்கிலீஷின் 'அன்'னும் ஒரே மூலத்தில் பிறந்தவை.

அப்படியென்றால் இன்ஃப்ளேமபிள் என்பது தீப்பிடிக்காத பொருள்தானே? (டீசல் பேரல் ஏற்றும் அண்ணன், மண்டபம்)

இல்லை அண்ணே, நேர் எதிர். சட்டென்று தீப்பற்றும் என்று பொருள். இந்த 'இன்' வேறு. 'உள்ளே' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் முன்னொட்டு. இந்தக் குழப்பம் ஆபத்து என்பதால்தான் இப்போது பல இடங்களில் ஃப்ளேமபிள் என்றே எழுதுகிறார்கள். வேரை வைத்து ஊகிக்கலாம், ஆனால் அகராதியைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

ஹைப்பர், ஹைப்போ மாறி மாறி வருகிறது. (நர்சிங் மாணவி, ராமநாதபுரம்)

இதில் தடுமாறக் கூடாதும்மா, நோயாளியின் உயிர் விஷயம். ஹைப்பர் மேலே, ஹைப்போ கீழே. ஊசி மருந்துக்கு ஹைப்போடெர்மிக் என்று பெயர். 'டெர்மா' தோல், தோலுக்குக் கீழே போகிற ஊசி. அந்த ஊசி முனையை மனதில் வைத்துக்கொள், ஹைப்போ எப்போதும் கீழேதான் இறங்கும். ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, ஹைப்பர் என்றால் ஏறிவிட்டது.

சைக்ளோன் எங்கிருந்து வந்தது? (மீனவர், பாம்பன்)

சைக்கிள் வந்த இடத்திலிருந்தேதான் ஐயா. கிரேக்கத்தில் 'கிக்லோஸ்' என்றால் வட்டம். 1840களில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், சுழன்றடிக்கும் புயலுக்கு இந்தப் பெயரை வைத்தார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் அப்படிச் சுழன்று வந்த காற்றுதான்.

எத்தனை வேர் படிக்க வேண்டும்?

வாரத்துக்கு ஒன்று போதும். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணில் படும் உறவுச் சொற்களை அதன் கீழே சேர்த்துக்கொண்டே போங்கள். பட்டியலை அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள், நான் தருவதில்லை. தானே தேடிச் சேர்த்தால்தான் மனதில் ஒட்டும்.

கிரேக்கத்தில் 'கேட்டா' என்றால் கீழே என்று படித்தேன். கேட்டமரனிலும் அதுதானா? (கல்லூரி மாணவர், கீழக்கரை)

பேரழிவைச் சொல்லும் கேட்டாஸ்ட்ரோஃபியில் அதுதான். கேட்டமரனில் கிரேக்கம் துளியும் இல்லை தம்பி. அது நம் கட்டுமரம்.