பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'. 1940இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், ஓடும் நேரம் ஒன்றரை மணிதான். இயக்கியவர் ஹோவர்ட் ஹாக்ஸ். கேரி கிராண்ட், ரோசலிண்ட் ரஸ்ஸல், ரால்ஃப் பெல்லமி நடித்தது.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934) என்றுதான் சொல்வார்கள். நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை விட்டு ஓடிவரும் பணக்காரப் பெண், வழியில் அவளைச் சந்திக்கும் பத்திரிகைக்காரன் என்ற அந்தக் கதையை இந்தியப் படங்கள் வெவ்வேறு பெயர்களில் எடுத்துத் தீர்த்துவிட்டன. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யை யாரும் அப்படி எடுத்துவிட முடியாது. காரணம் கதை அல்ல, பேச்சு.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் முதல் தடவை சப்டைட்டில் போட்டுப் பார்த்தபோது பாதி புரியவில்லை. திரையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், கீழே இரண்டு வரி ஓடுகிறது. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் முகபாவம் போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் வசனம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த என் மனைவி, "இவங்க எப்பங்க மூச்சு விடுவாங்க?" என்று கேட்டாள். இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் படம் பிடிபட்டது. அவளுக்கும்தான்.

கதை இதுதான். வால்டர் பர்ன்ஸ் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஹில்டி அவருடைய முன்னாள் மனைவி, அந்தப் பத்திரிகையின் முன்னாள் நட்சத்திர நிருபர். மறுநாள் தனக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போக அலுவலகத்துக்கு வருகிறார். மாப்பிள்ளை புரூஸ், ஆல்பனி ஊர்க்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். மாலை நான்கு மணிக்கு ரயில். அந்த ரயிலில் ஹில்டி ஏறிவிடக் கூடாது என்று வால்டர் செய்கிற தில்லுமுல்லுகள்தான் படம். மறுநாள் காலை தூக்கிலிடப்படவிருக்கும் ஒரு கைதியைப் பற்றி எழுத ஆள் வேண்டும், ஹில்டியை விட்டால் ஆள் இல்லை என்பது அவர் கையிலுள்ள தூண்டில்.

மூலம் 1928இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகம். எழுதிய பென் ஹெக்ட், சார்ல்ஸ் மெக்ஆர்தர் இருவரும் சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். அதில் ஹில்டி ஓர் ஆண். வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் நிருபனை ஆசிரியர் விடமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். ஹில்டியின் வசனங்களை ஒரு பெண் வாசிக்கக் கேட்டபோது இப்படியே இன்னும் நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதாக ஹாக்ஸ் பின்னாளில் சொன்னார். ஹில்டி பெண்ணானதும், அதுவும் விவாகரத்தான மனைவியானதும், முதலாளி தொழிலாளி சண்டை காதல் கதையாகிவிட்டது.

இப்போது நான் ஏன் இந்தப் படத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். இதில் காதல் காட்சி என்று ஒன்று இல்லை. அப்போது ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கெடுபிடியாக இருந்தன, நெருக்கத்தை எல்லாம் அப்படியே காட்டிவிட முடியாது. இங்கே அந்த நெருக்கம் பேச்சில் இருக்கிறது. வால்டர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்ததுமே அது எங்கே போய் முடியும் என்று ஹில்டிக்குத் தெரியும். அதனால் முடியும்வரை காத்திருப்பதில்லை, பதிலைத் தொடங்கிவிடுகிறார். அவரும் அப்படியே. பல வருடம் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள்தான் இப்படிப் பேச முடியும்.

மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் காட்சியைக் கவனியுங்கள். புரூஸ் மரியாதையான மனிதர். மற்றவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து பேசுவார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வார். பாவம், அந்த மேஜையில் அவருக்கு இடமே கிடைப்பதில்லை. அவர் வில்லன் இல்லை, முட்டாள்கூட இல்லை. அவருக்கு அந்த வேகம் வராது, அவ்வளவுதான். பெல்லமி இதை ஒரு துளி மிகை இல்லாமல் செய்திருக்கிறார். (புரூஸ் எப்படி இருப்பார் என்று ஓர் இடத்தில் வால்டர் அடையாளம் சொல்வார்: சினிமாவில் வருவாரே, ரால்ஃப் பெல்லமி, அவர் மாதிரி இருப்பார் என்று!)

இந்த வேகம் தானாக வந்துவிடவில்லை. ஒருவர் மீது ஒருவர் பேசினாலும் முக்கியமான சொல் அமுங்காதபடி, வசனத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து எழுதுவது ஹாக்ஸின் உத்தி. ஒன்றின் மேல் ஒன்று விழுவது அந்த உபரிச் சொற்கள்தான். ரோசலிண்ட் ரஸ்ஸல் இன்னும் ஒரு படி மேலே போனார். நல்ல வசனமெல்லாம் கிராண்டுக்கே போகிறது என்று நினைத்து, தன் சொந்தக் காசில் ரகசியமாக ஓர் எழுத்தாளரை வைத்துக்கொண்டு, அவர் எழுதித் தந்த வசனங்களைப் படப்பிடிப்பில் தானாகத் தோன்றியது போலச் சொன்னார். கிராண்ட் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு காலையில் பார்த்தால், இன்றைக்கு என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்பாராம். ஹில்டி வேடத்தை மறுத்த பெரிய நடிகைகள் பலர். நல்லவேளை.

எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். கைதிக்குப் பரிந்து பேசும் மோலி என்ற பெண் நிருபர்கள் சூழ்ந்து நெருக்கியதில் சன்னலிலிருந்து குதிக்கிறாள். படம் ஒரு கணம் திகைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுக்காக ஒருவனைத் தூக்கிலேற்றத் துடிக்கும் மேயரையும் ஷெரீஃபையும் வைத்துச் சிரிக்க முடிகிறது, இதை வைத்து என்னால் முடியவில்லை. இனவெறி கலந்த சில சொற்களும் உறுத்தும்.

பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போன படம் என்பதால் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் தேய்ந்த பிரதிகளும் நிறைய உலவுகின்றன. ஒலி தெளிவாக உள்ளதாகத் தேடி எடுங்கள், இந்தப் படத்துக்கு அதுதான் முக்கியம்.

கடைசிக் காட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். (முடிவு தெரிய வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) தேனிலவுக்கு நயாகரா என்று வால்டர் வாக்குக் கொடுத்த சூட்டோடு தொலைபேசி வருகிறது. ஆல்பனியில் ஒரு வேலைநிறுத்தமாம், போய் எழுத வேண்டும். புரூஸின் ஊர்! அவர் வீட்டில் தங்க இடம் கிடைக்குமா என்று யோசித்தபடி வால்டர் முன்னே நடக்கிறார். ஹில்டி கனமான பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். புரூஸாக இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கியிருப்பார். இவளுக்கு இது தேவையா என்று மனைவி கேட்கிறாள், தேவைதான் என்று நான் சொல்கிறேன். மூன்று தடவை பார்த்தும் எங்களுக்குள் இது தீரவில்லை.