உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை

அன்புள்ள அண்ணா,

என் தம்பி குடிக்கு அடிமையாகிப் பல வருடம் ஆகிறது. அப்பா இறந்த பிறகு தொடங்கியது, இப்போது வேலையும் போய்விட்டது. அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம். சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்துக் கொடுத்து, இப்போது கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது. போன மாதம் ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், விசுவாசத்தோடு ஒரே தடவை கேட்டால் போதும், திரும்பத் திரும்பக் கேட்டால் உள்ளே சந்தேகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முழங்காலில் நின்றால் வார்த்தையே வரவில்லை. தம்பிக்காக ஜெபிப்பதை விட்டுவிடலாமா அண்ணா? அது பாவமா?

ஒரு சகோதரி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அக்கா சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் இத்தனை வருடம் தம்பியின் குடியைத் தாங்கிக்கொண்டு ஜெபித்த உங்களை அந்த ஒரு பேச்சு நிறுத்திவிட்டது. கெத்செமனேயில் ஆண்டவரே மூன்றாம் முறையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக அவரே சொல்கிறார். அவர்களுக்கும் சந்தேகம் என்று யாராவது சொல்வார்களா?

லூக்கா 18-ஐ இன்று ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தேவனுக்குப் பயப்படாத, மனுஷரை மதிக்காத ஒரு நியாயாதிபதி; பணமோ ஆள்பலமோ இருந்ததாகச் சொல்லப்படாத ஒரு விதவை. அவளால் முடிந்தது ஒன்றே ஒன்று, மறுபடியும் வந்து நிற்பது. பலர் இந்த உவமையை, விடாமல் தொந்தரவு செய்தால் கர்த்தரும் இளகிவிடுவார் என்பதுபோலப் பிரசங்கிக்கிறார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அநீதியுள்ள அவனே இப்படிச் செய்தால் இரவும் பகலும் தம்மை நோக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் செய்யாமல் இருப்பாரா என்றுதானே ஆண்டவர் கேட்கிறார்? அப்புறம் அந்தப் பகுதி முடியும் இடத்தைப் பாருங்கள்: மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ. அந்த விதவை திரும்பத் திரும்ப வந்து நின்றதைச் சொல்லிவிட்டு உடனே விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றால், வந்து நின்றதே விசுவாசம் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் வெள்ளிக்கிழமைகளும் அதுதான்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும், பழங்காலத்தின் பெரிய கிறிஸ்தவப் போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காதான் நினைவுக்கு வந்தார். வட ஆப்பிரிக்காவில், தகாஸ்தே என்ற ஊர்க்காரர். மகன் மனிகேயர் என்ற வேறொரு சமயக் கூட்டத்தாரோடு சேர்ந்து விசுவாசத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டான். மகனிடம் பேசச் சொல்லி ஓர் ஆயரை அவர் விடாமல் கெஞ்ச, அந்த ஆயர் சலித்துப்போய், "போய் வா அம்மா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த மகன் கெட்டுப்போக முடியாது" என்று சொல்லி அனுப்பினாராம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு கி.பி. 383-இல் கார்த்தேஜ் துறைமுகத்தில் நடந்தது. மகன் ரோமுக்குப் போய்விடக்கூடாது என்று அந்தத் தாய் அழுகிறார். அவனோ, நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் சிப்ரியான் பெயரில் இருந்த சிற்றாலயத்தில் இரவு தங்கும்படி அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டு, அவர் உள்ளே ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஏறிவிட்டான். அந்த இரவு ஜெபம் கேட்கப்படவில்லை, விடிந்ததும் கரையில் நின்று கதறினார். பின்னாளில் அகஸ்டினே இதை எழுதும்போது, அம்மா எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காகவே தேவன் அன்று கேட்டதைக் கொடுக்கவில்லை என்கிறார், ஏனென்றால் அந்தப் பயணம்தான் அவரை மிலானில் அந்த ஊர் ஆயர் அம்புரோசியாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம். அதே வருடம் மோனிக்கா இறந்துபோனார், தம் வாழ்வின் 56-ஆம் வருடத்தில்.

இதைச் சொல்லி உங்கள் தம்பியும் கட்டாயம் திருந்திவிடுவார் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. பவுலின் முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. நான் சொல்ல வருவது, கரையில் நின்று அழுகிற அந்தக் காலையில் மோனிக்காவுக்கு மிலானைப் பற்றி எதுவும் தெரியாது, நீங்கள் இப்போது நிற்பதும் அங்கேதான், அங்கே நிற்பவரைப் பார்த்து உனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மோனிக்காவே சிறுமியாக இருந்தபோது, திராட்சரசம் எடுத்துவர அனுப்பினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகி, பிறகு அதிலிருந்து மீண்டவர். இதையும் மகனே எழுதியிருக்கிறார். உங்கள் தம்பிக்காக ஜெபிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் உபவாச ஜெபம் என்று சொல்லி அவரை அறையில் பூட்டிவைக்கும் இடங்களுக்குத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வார்த்தை வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும், அதுவே ஜெபம்தான். அதுவும் முடியாத நாளில் பேசாமல் தூங்குங்கள், பாவமில்லை. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. தம்பியை இத்தனை வருடம் நீங்களும் அம்மாவும் இரண்டே பேராகச் சுமந்திருக்கிறீர்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். சபையில் நம்பிக்கையான ஒருவரைத் தேடுங்கள், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.