நீச்சல் பழக்குவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒரு பக்கம் கடல், நடுவில் வாவி, படுவான்கரைப் பக்கம் போனால் குளமும் வாய்க்காலும். இப்படித் தண்ணீருக்கு நடுவில் வாழும் நமக்கு நீச்சல் பழக்குவது பற்றி வந்த கேள்விகளும் அதே அளவுக்குப் பலவிதம். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நாலரை வயது மகனைப் பூலில் சேர்த்தோம். மூன்றாம் நாளே சேர் தூக்கி ஆழத்தில் போட்டிட்டார், "பயம் தெளியும்" எண்டார். இப்ப வீட்டில தலைக்குத் தண்ணி ஊத்தவும் விடுறானில்ல. தொடர்ந்து அனுப்பலாமா? (கல்லடி, ஒரு தாய்)

அந்த ஆளிடம் இனி அனுப்பாதீர்கள், தங்கச்சி. தூக்கிப் போட்டுப் பழக்குவது ஆற்றங்கரையில் இருந்து வந்த பழைய வழக்கம். அதில் பழகி வந்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பயந்து ஒதுங்கி ஆயுளுக்கும் தண்ணீரில் இறங்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எதிர்பாராமல் முகம் முங்கும்போது பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும். தண்ணீர் தொண்டைக்குப் போனதும் குரல்வளை இறுகி அடைக்கும். மகன் மனதில் பதிந்திருப்பது அந்த அடைப்புத்தான். அதை அழிக்க வீட்டிலேயே இரண்டு கிழமை வேலை இருக்கிறது.

ஒரு சின்னக் கோப்பையால் ஊற்றுங்கள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே ஊற்ற வேண்டும். முதல் சில நாள் தோளில், பிறகு பிடரியில், பிறகு தலையின் பின்பக்கம், கடைசியாக நெற்றியில். நெற்றியில் ஊற்றியதும் அவசரப்பட்டுத் துவாயால் துடைக்காதீர்கள். துடைத்தால் முகத்தில் தண்ணீர் பட்டது ஏதோ ஆபத்து என்று பிள்ளை படித்துக்கொள்ளும். அவனே கண்ணைச் சிமிட்டி வழிய விடட்டும். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, மிதக்கும் சின்னப் பந்தை வாயால் ஊதித் தள்ள விடுங்கள். அது விளையாட்டானதும் உதட்டைத் தண்ணீரில் வைத்து ஊதலாம். அதற்கடுத்தது மூக்கையும் வைத்து "ம்ம்ம்" என்று முனகுவது. முனகும்போது காற்று மூக்கால் வெளியே வந்துகொண்டே இருக்கும், அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. மூக்கடியில் குமிழி வரிசையாக எழுவதைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும் நாளில் பாதி வேலை முடிந்தது.

புதிய ஆசிரியரைத் தேடும்போது ஒரு வகுப்பைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குபவர் கரையில் நின்று விசில் ஊதக்கூடாது; தண்ணீரில் இறங்கி, தன் முகம் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும்படி குனிந்து நிற்க வேண்டும். இந்த வயதில் ஒருவருக்கு நாலு பிள்ளைக்கு மேல் வேண்டாம். வகுப்பு அரை மணித்தியாலம் போதும், உதடு நீலம் பாரித்தால் அதற்கும் முன்பே கரையேற்ற வேண்டும். "விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நைசாகக் கையை எடுக்கிறாரா என்றும் கவனியுங்கள். அது சின்னப் பொய் போலத் தெரியும். ஆனால் அடுத்த வகுப்பில் பிள்ளை அவர் கழுத்தை விடாமல் இறுக்கிப் பிடிப்பது அதனால்தான்.

எனக்கு 42 வயது. ரெண்டு மாசமாப் பழகுறன். பத்து மீற்றர் போனதும் மூச்சு வாங்குது, கால் கீழ போகுது. கோச், "காலை இன்னும் வேகமா அடிங்க" எண்டுறார். (கல்முனை)

வேகமாக அடித்தால் இன்னும் மோசமாகும், ஐயா. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில் இருக்கின்றன. அவற்றை வேகமாக ஆட்டினால் ஒட்சிசன் மளமளவென்று செலவாகும்.

உங்களிடம் இரண்டு பிழை இருக்கக்கூடும். முதலாவது, தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறீர்கள். நெஞ்சுக்குள் காற்று இருப்பதால் அந்தப் பகுதி மிதக்கும், பாரமான பகுதி இடுப்புப் பக்கம். சீசோ பலகை மாதிரி, தலை கொஞ்சம் மேலே வந்தால் இடுப்பும் காலும் இறங்கும். இரண்டாவது, முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்திருக்கிறீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் உள்ளே தேங்கும் காபனீரொட்சைட்டு. அதைத் தண்ணீருக்குள்ளேயே ஊதி வெளியேற்றாமல் வாயை மேலே கொண்டுவந்தால், கிடைக்கிற அரைச் செக்கனில் ஊதுவதா இழுப்பதா என்று உடம்பு தடுமாறும்.

ஒரு மாதம் தூரத்தை மறந்துவிடுங்கள். விளிம்பைப் பிடித்து நின்று, வாயால் ஒரு செக்கன் இழுத்து, முகத்தை வைத்து மூக்காலும் வாயாலும் மூன்று நாலு செக்கன் ஊதுங்கள். ஒவ்வொரு வகுப்பும் இருபது தடவையோடு தொடங்கட்டும். அடுத்தது, சுவரைக் காலால் உதைத்துக் கைகளை நீட்டி, பார்வை நேரே கீழே தரையில் இருக்க, ஒன்றும் செய்யாமல் வழுக்கிப் போவது. ஐந்து மீற்றர் போனால் உடம்பு சமநிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகே கால். அடி இடுப்பிலிருந்து வர வேண்டும், கணுக்கால் துணி மாதிரித் தளர்ந்திருக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கினால் பின்னுக்குத்தான் இழுபடுவீர்கள். நாற்பது தாண்டியவர்களுக்குக் கணுக்கால் இறுகிப் போயிருப்பது சாதாரணம். முழங்காலில் நோவு இல்லையென்றால், வீட்டில் மண்டியிட்டுக் குதிக்கால் மேல் முப்பது செக்கன் உட்கார்ந்து எழும்புங்கள்.

மூச்செடுக்கும்போது தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் உருட்டுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், அதுதான் அளவு. ஆறு கை போட்டு நில்லுங்கள், அரை நிமிடம் ஆறுங்கள், பத்துத் தடவை. மூச்சுக் கெட்ட பிறகும் நீந்திக்கொண்டு போனால் கெட்ட பழக்கம்தான் உடம்பில் ஏறும்.

பெரியவர்களுக்குப் பழக்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு விளையாட்டுப் போதும். பெரியவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஏன் என்று விளங்கினால்தான் அவர் உடம்பைத் தளர்த்துவார்.

நான் பெண்களுக்குப் பழக்குறன். ஒரு அக்கா, 2004 சுனாமியில தப்பினவ. இடுப்பளவு தண்ணி வரைக்கும் சிரிச்சுக்கொண்டு வருவா, நெஞ்சுக்கு வந்தா உறைஞ்சு போயிடுறா. என்ன செய்யலாம்? (மருதமுனை)

நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். எவ்வளவு ஆழம், எப்போது நிறுத்துவது என்ற முடிவு அவருடையது. கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அவரை நெஞ்சளவுக்குக் கூட்டிப் போக வேண்டியதே இல்லை. இடுப்பளவிலேயே நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கித் தாழட்டும். தண்ணீர் தோளுக்கு வரும், ஆனால் காலை நிமிர்த்தினால் மறுபடி இடுப்புத்தான். அந்த உறுதி உடம்புக்குத் தெரிய வேண்டும். தோளளவில் ஐந்து மூச்சு, பிறகு எழும்பல்.

மிதக்கப் பழக்கும் முன் எழும்பி நிற்கப் பழக்குங்கள். குப்புறக் கிடக்கும் நிலையில் முழங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே அமுக்கி, பாதம் தரையில் பட்ட பிறகு தலையைத் தூக்குவது. தலையை முதலில் தூக்குபவர்கள் காலூன்ற முடியாமல் தவிப்பார்கள். பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமலே பழக்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். எழும்பத் தெரியாதவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை.

மல்லாந்து மிதப்பது இவருக்குக் கடைசியில் வரட்டும். காதுக்குள் தண்ணீர் ஏறி, சத்தம் மங்கி, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாத நிலை அது. தயாரானதும் ஒரு கை பிடரியில், ஒரு கை தோள்பட்டைக்கடியில். நாளடைவில் உள்ளங்கை விரல்களாகும், பிறகு இரண்டு விரல். எடுக்கும் முன் சொல்லிவிட்டு எடுங்கள்.

என்ன உடுப்பு போடலாம்? சல்வாரோட இறங்கினால் தாண்டு போவமா? (காத்தான்குடி, ஏறாவூரிலிருந்தும் இதே கேள்வி)

தாழ்த்தாது, ஆனால் கையையும் காலையும் பிடித்து இழுக்கும். ஏறி வரும்போதுதான் பாரம் தெரியும். சோல் அறவே வேண்டாம், கழுத்தில் சுற்றும். முழுநீள நீச்சல் உடுப்பு தலைமூடியோடு சேர்த்தே தைத்து வருகிறது. அது கிடைக்காவிட்டால் இறுக்கமான லெக்கின்ஸும் பொலியெஸ்டர் விளையாட்டு மேற்சட்டையும் போதும். மேற்சட்டை மேலே மிதந்து வராமல் இருக்க அதன் ஓரத்தை லெக்கின்ஸோடு நாலு இடத்தில் தைத்துவிடுங்கள். ஊசி குத்திய ஸ்கார்ஃப் கூடாது.

பெண்களுக்கு மட்டும் நேரம் கேட்பதென்றால் ஆறேழு பேர் சேர்ந்து கேளுங்கள். பழக்குபவர் மட்டுமல்ல, காவலுக்கு நிற்பவரும் பெண்ணாகவும், ஆளை இழுத்துக் கரை சேர்க்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஆணோ பெண்ணோ, தொடும் முன் எங்கே, ஏன் என்று சொல்லாத ஆசிரியர் சரியான ஆசிரியர் இல்லை.

கைக்குக் காற்றுப் பட்டை போடலாமா? (வாழைச்சேனை, ஒரு தகப்பன்)

வேண்டாம். அது பிள்ளையைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கும். நீந்துவதற்கு வேண்டியதோ கிடை நிலை. பட்டையோடு திரிந்த பிள்ளை, அது இல்லாத அன்றும் தனக்குத் தெரியும் என்று நம்பிக் குதிக்கும். கடலில் ரியூப், காற்று மெத்தை எதுவும் கூடாது. கச்சான் எனும் மேல்காற்றுக் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். நீங்கள் எழும்பி ஓடுவதற்குள் ரியூப் பிள்ளையோடு தூரப் போய்விடும்.

எங்கட பக்கம் பூல் இல்ல. குளத்தில பழக்கலாமா? (படுவான்கரை, இளைஞர் கழகம்)

பழக்கலாம். பங்களாதேஷில் ஊர்க் குளங்களுக்குள் மூங்கில் மேடை கட்டிப் பல இலட்சம் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் இடத்தைத் தயார்படுத்தாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

வான்கதவு, மதகு பக்கம் வேண்டவே வேண்டாம். சரிவு மெதுவாக இறங்கும் இடத்தைத் தேர்ந்து, ஒரு மீற்றருக்கு ஒரு முறை கம்பு ஊன்றிப் பாருங்கள். கம்பு சேற்றில் ஒரு சாணுக்கு மேல் புதைந்தால் அந்த இடம் சரிவராது. முதலை நடமாட்டத்தை அங்கே வலை போடுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். விடியற்காலையும் மம்மல் நேரமும் இறங்காதீர்கள். வெள்ளம் வடிந்த கையோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் புண் உள்ள பிள்ளையை எப்போதுமே விடாதீர்கள்.

பத்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் செவ்வகமாகக் கம்பு நட்டு, நைலோன் கயிறு கட்டி, இரண்டு மீற்றருக்கு ஒரு வெற்றுக் கான் தொங்க விடுங்கள். ஆகக் குட்டையான பிள்ளையின் நெஞ்சளவே எல்லை. ஐந்து பிள்ளைக்கு ஒருவர் தண்ணீரில் நிற்க வேண்டும். அதைவிட ஒருவர் கரையில் நின்று தலை எண்ணுவதை மட்டும் செய்ய வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும், போனும், கொடுக்காதீர்கள். அவர் கையில் பதினைந்து மீற்றர் கயிறு, நுனியில் ஐந்து லீற்றர் கான். கானுக்குள் அரை லீற்றர் தண்ணீர் விட்டு மூடினால் வீசும்போது தூரம் போகும், மிதக்கவும் செய்யும்.

எத்தனை வகுப்பில் "தெரியும்" எண்டு சொல்லலாம்? கடலில விடலாமா? (அக்கரைப்பற்று)

வகுப்பை எண்ணாதீர்கள். நிற்காமல் 25 மீற்றர் நீந்தவும், கால் ஊன்றாமல் 30 செக்கன் மிதக்கவும் முடிய வேண்டும். தவறி விழுந்தால் திரும்பி விளிம்பைப் பிடிக்கவும் தெரிய வேண்டும். ஆறு வயதில் தொடங்கும் பிள்ளைகள் இதை எட்டிவிடுவார்கள். அதற்கு முன் தொடங்குவதும் நல்லதே, ஆனால் அந்த வயதில் உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும்.

பூலில் 25 மீற்றர் என்பது கடலில் 25 மீற்றர் ஆகாது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும்தான், ஆனால் அலை மூச்சின் கணக்கைக் குழப்பிவிடும். பாசிக்குடாவில் வெகுதூரம் ஆழமில்லை, முருகைக்கல் அலையைத் தடுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தொடங்கலாம். கல்லடிக் கடல் பழகும் இடமில்லை. அலை கரையிலேயே உடையும், ஆழம் சடுதியாக இறங்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக, கலங்கிய பாதை தெரிந்தால் அதுதான் இழுவை, ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். இறங்குவதற்கு நல்ல இடம் போலத் தெரிவதும் அதுவேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்துகொண்டே கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகி, நுரை உடையும் இடத்துக்கு வந்து, பிறகு கரைக்கு வாருங்கள்.

காதில் தண்ணி, வலிப்பு, முட்டு, சாப்பாடு (பல ஊர்கள்)

காதைச் சாய்த்து வடிய விடுங்கள், குச்சி போடாதீர்கள். செவிப்பறையில் துவாரம் இருந்தால் வைத்தியரைக் கேட்டே இறங்க வேண்டும். வலிப்புள்ளவருக்கு அவரை மட்டும் பார்க்க ஒருவர், எப்போதும் பக்கத்தில். முட்டு உள்ளவரின் இன்ஹேலர் பையில் இருந்து பயனில்லை, பூல் விளிம்பில் இருக்க வேண்டும். வயிறு நிறையச் சோறு தின்றால் ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள்.

நீந்தத் தெரிந்தால் தாழ்கிறவரைப் போய்ப் பிடிக்கலாமா? (பொத்துவில்)

பழக்கமில்லாமல் போகாதீர்கள், தம்பி. தாழ்கிறவர் கையில் அகப்பட்டதன் மேல் ஏறுவார். அது உங்கள் தோளாக இருந்தால் இருவரும் போவீர்கள். தாழ்கிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்க, கைகள் பக்கவாட்டில் அமுக்க, நிமிர்ந்த நிலையில் சத்தமில்லாமல் நிற்பார். அந்தக் கோலத்தைக் கண்டால் கம்பு நீட்டுங்கள், கயிறோ வெற்றுக் கானோ வீசுங்கள்.

கரையேற்றிய பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தைக் கொல்லும், வாந்தி நெஞ்சுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டிலிருந்து ஐந்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், பிள்ளைக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றிலொன்று. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸுக்கு இடத்தைச் சொல்லட்டும். அவர் இருமி எழும்பி, "ஒண்டுமில்ல" என்று சொன்னாலும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உள்ளே போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சைக் கெடுக்கலாம்.