பவனா ஏரிக்கு முதல் தடவையா? கம்பளியை விடப் பாய் முக்கியம்

மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கம் இருக்கும் பவனா ஏரிக்கரையில் டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, கூடாரம் முகாம் நடத்துபவர்களே தருகிறார்கள், இரண்டு கம்பளி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பளி கிடக்கட்டும், குளிர் கீழே இருந்துதான் வரும். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் யோகா பாய் ஒன்றை முதலில் எடுத்து வையுங்கள். மும்பை செம்பூரில் வருஷம் முழுக்க மின்விசிறி போட்டே தூங்கிப் பழகிய நான், பாய் இல்லாமல் போய் விடிய விடிய முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் கூடாரத்தின் உள்பக்கம் நம் மூச்சே துளித்துளியாகப் படிந்து நிற்கும், கை பட்டால் சொட்டும், ஆகவே ஒரு ஜோடி சாக்ஸையாவது பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். தலையில் மாட்டும் டார்ச், கொசுவுக்கு ஓடோமாஸ், சரி, அவ்வளவுதான். அப்புறம், குளிர்கிறதே என்று கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.